பண்டைய கிரேக்க மெய்யியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கர்கள் எண்ணியவை பிற்காலத்தில் பாக்தாதுக்கும் பாரிசுக்கும் அங்கிருந்து இன்றைய உளவியல் மருத்துவரின் அறைக்கும் எப்படி வந்து சேர்ந்தன என்பது பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தருகிறோம். கருத்துகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஏடுகளைப் பற்றியும் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் பேசியிருக்கிறோம். எந்த நூற்றாண்டில் எந்தக் கிரேக்கர் செல்வாக்குப் பெற்றார் என்பதை, அவர் சொன்னதன் வலிமையைக் காட்டிலும், அப்போது யார் கையில் எந்தப் படி இருந்தது என்பதே பலமுறை முடிவு செய்திருக்கிறது.

கிரேக்க மெய்யியல் என்று சொல்வது எந்தக் காலத்தை, எந்த நிலத்தை?

கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தேலீஸில் தொடங்கி, கி.பி. 529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸில் மெய்யியல் கற்பிப்பதற்குத் தடை விதித்ததோடு முடிப்பது வழக்கம். இடையில் ஆயிரத்து நூறு ஆண்டுகள் உள்ளன. சங்கப் பாடல்களுக்கும் கம்பருக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறக்குறைய இவ்வளவுதான். ஆகவே 'கிரேக்கர்கள் இப்படி நினைத்தார்கள்' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் சற்று ஐயத்தோடு படிப்பது நல்லது.

நிலமும் இன்றைய கிரீஸ் நாடு மட்டுமன்று. தேலீஸின் மிலேட்டஸ் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்தது. பார்மெனிடிஸின் எலேயா தென் இத்தாலியில் இருந்தது. ஸ்டோயிக் என்ற மெய்யியல் பள்ளியைத் தொடங்கிய சீனோ சைப்ரஸ் தீவிலிருந்து வந்தவர். ஏதென்ஸ் பெரும்பாலும் அறிஞர்கள் வந்து சேர்ந்த ஊர். அங்கேயே பிறந்த பெரும் பெயர்கள் என்று சாக்ரடீஸையும் பிளேட்டோவையும் சொன்ன பிறகு அடுத்த பெயருக்குச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் நீர், எல்லாம் காற்று என்றெல்லாம் சொன்னவர்களை ஏன் இன்னும் படிக்க வேண்டும்?

விடைகளுக்காக அல்ல, ஒருவர் விடையை அடுத்தவர் மறுத்த முறைக்காகப் படிக்கிறோம். பூமி நீரின்மேல் மிதக்கிறது என்றார் தேலீஸ். அப்படியானால் அந்த நீரை எது தாங்குகிறது என்ற கேள்வி உடனே எழும். அதே மிலேட்டஸ் நகரில் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அனாக்சிமாண்டர், பூமியை எதுவுமே தாங்கவில்லை, அது எல்லாப் பக்கங்களிலிருந்தும் சம தொலைவில் இருப்பதால் ஒரு பக்கமாக நகர்வதற்குக் காரணமே இல்லை என்றார். மூத்தவர் சொன்னதைக் காரணம் காட்டி மறுக்கலாம், மறுப்பது அவமதிப்பு ஆகாது என்ற பழக்கம் அங்கே வேர்கொண்டது.

பார்மெனிடிஸ் இந்தப் பழக்கத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோனார். இல்லாததிலிருந்து எதுவும் தோன்ற முடியாது. மாற்றம் என்பது இல்லாத ஒன்று உண்டாவது. ஆகவே மாற்றமே இல்லை, கண்ணுக்குத் தெரிவது மயக்கம் என்பது அவர் வாதம். இதை ஏற்க மனம் வராது, மறுக்கவோ வழி தெரியாது. இந்த முட்டுக்கட்டையை நீக்கத்தான் லூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் அணுக்கொள்கையைக் கொண்டுவந்தார்கள்: வெட்ட முடியாத நுண்துகள்கள் தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை, அவை வெற்றிடத்தில் கூடுவதையும் பிரிவதையுமே நாம் பிறப்பு, இறப்பு என்கிறோம். 'அதோமோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெட்ட முடியாதது என்றே பொருள். ஆய்வுக்கூடத்தில் எதையும் பார்த்து அவர்கள் இதைச் சொல்லவில்லை. ஒரு தருக்கச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு அது.

சாக்ரடீஸ் எதுவும் எழுதவில்லை என்கிறார்கள். பிறகு அவரைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்?

மூன்று பேர் வழியாகத் தெரியும். மாணவர் பிளேட்டோ, படைவீரரான செனபோன், கி.மு. 423இல் மேடையேறிய நகைச்சுவை நாடகம் ஒன்றில் அவரைக் கேலி செய்த அரிஸ்டோபனீஸ். மூவரும் காட்டும் சாக்ரடீஸ் ஒருவரல்லர். பிளேட்டோவின் சாக்ரடீஸில் எவ்வளவு சாக்ரடீஸ், எவ்வளவு பிளேட்டோ என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை.

அவருடைய முறையை அறிய, பிளேட்டோவின் 'லேக்கீஸ்' என்ற சிறு உரையாடல் போதும். இரண்டு தந்தையர் தங்கள் மகன்களுக்குப் போர்ப்பயிற்சி தேவையா என்று இரண்டு படைத்தலைவர்களிடம் கேட்கிறார்கள். பேச்சு வீரம் என்றால் என்ன என்ற கேள்விக்குத் திரும்புகிறது. இதில் என்ன கடினம், அணிவகுப்பில் தன் இடத்தை விட்டு ஓடாமல் பகைவனை எதிர்ப்பவன் வீரன் என்கிறார் தளபதி லேக்கீஸ். சித்தியக் குதிரைப்படையினர் பின்வாங்கிக்கொண்டேதானே போரிடுகிறார்கள், பிளாட்டீயாவில் ஸ்பார்ட்டர்களும் பின்வாங்கித் திரும்பித்தானே வென்றார்கள் என்று கேட்கிறார் சாக்ரடீஸ். அப்படியானால் வீரம் என்பது மன உறுதி என்கிறார் லேக்கீஸ். மூடத்தனமான உறுதியும் வீரமா? இப்படியே போய் விடை இல்லாமல் முடிகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. டீலியம் போரில் ஏதென்ஸ் படை தோற்றுப் பின்வாங்கியபோது சாக்ரடீஸ் நடந்துகொண்ட விதத்தைக் கண்ணால் கண்டவர் என்று அதே உரையாடலின் தொடக்கத்தில் அவரைப் புகழ்பவரும் லேக்கீஸ்தான். பின்வாங்குவதிலும் வீரம் உண்டு என்பதைப் பார்த்தவரே அதைத் தம் வரையறையில் மறந்துவிடுகிறார்.

கி.மு. 399இல், 70 வயதில், நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 30 வாக்குகள் மாறி விழுந்திருந்தால் விடுதலையாகியிருப்பேன் என்று அவர் நீதிமன்றத்தில் கூறியதாகப் பிளேட்டோ எழுதுகிறார்.

பிளேட்டோவுக்கும் அரிஸ்டாட்டிலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ரபேல் 1511 வாக்கில் வத்திக்கானில் தீட்டி முடித்த சுவரோவியத்தில் பிளேட்டோ வானத்தைச் சுட்டுகிறார், அரிஸ்டாட்டில் கையைத் தரையை நோக்கி விரிக்கிறார். அந்தச் சித்திரம் பாதி உண்மை. நாம் காணும் அழகிய பொருள்கள் மாறுபவை, அழியாத 'அழகு' என்ற வடிவம் தனியே உண்டு, அறிவு என்பது அதைப் பற்றியது என்றார் பிளேட்டோ. வடிவம் பொருளை விட்டுத் தனியே நிற்பதில்லை, குதிரையின் வடிவம் குதிரைகளில்தான் இருக்கிறது என்றார் அரிஸ்டாட்டில்.

மீதிப் பாதியைச் சித்திரம் மறைக்கிறது. அரிஸ்டாட்டில் 20 ஆண்டுகள் பிளேட்டோவின் கழகத்தில் இருந்தவர். ஆசிரியரை மறுக்கும்போதும் ஆசிரியரின் கேள்விகளையே எடுத்துக்கொண்டு பேசுகிறார். ஆனால் கை அழுக்காக உழைப்பது அவருடைய தனி வழி. கோழி அடைகாக்கும் முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்துப் பார்த்ததன் விவரம் அவருடைய விலங்கு நூலில் இருக்கிறது: மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் கருவின் முதல் அடையாளம் தெரிகிறது, வெண்கருவில் ஒரு துளி இரத்தம்போல இதயம் தோன்றுகிறது, அது உயிருள்ளதுபோலத் துடித்து அசைகிறது. இன்று படித்தாலும் அந்தப் பத்தியில் அவருடைய வியப்பு குறையாமல் இருக்கிறது.

அவர்கள் எழுதியவை அனைத்தும் நமக்குக் கிடைத்துள்ளனவா?

பிளேட்டோவைப் பொறுத்தவரை ஆம். பழங்காலத்தவர் அவருடையதாகக் குறிப்பிடும் உரையாடல் எதுவும் தொலைந்ததாகத் தெரியவில்லை. இது மிக அரிய பேறு. அரிஸ்டாட்டில் பொது வாசகர்களுக்கென எழுதி வெளியிட்ட நூல்கள் அழிந்துபோயின. அவருடைய நடையைப் பொன்னாறு என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ புகழ்ந்தது அந்த நூல்களை மனத்தில் வைத்துத்தான். நம்மிடம் இருப்பவை வகுப்புக்கான குறிப்புகளைப் போன்றவை. அவற்றின் வறட்சியைக் கண்டு அரிஸ்டாட்டிலுக்கு எழுத வராது என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புகள் சின்ன ஆசியாவில் ஒரு குடும்பத்தின் நிலவறையில் ஈரத்திலும் பூச்சியிலும் கிடந்து, பின்னர் ஏதென்ஸுக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து ரோமானியத் தளபதி சுல்லாவால் ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதுகிறார். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவின் ஆண்ட்ரோனிக்கஸ் அவற்றை ஒழுங்குபடுத்தினார். 'மெட்டாபிசிக்ஸ்' என்ற பெயரே 'இயற்பியல் நூல்களுக்கு அடுத்து வருபவை' என்ற அடுக்கு முறைக் குறிப்பிலிருந்து வந்ததாகத்தான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அரிஸ்டாட்டில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை.

டெமாக்ரிட்டஸின் நூல்களுள் ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. ஸ்டோயிக் பள்ளியைக் கட்டி நிறுத்திய கிரிசிப்பஸ் 700க்கு மேற்பட்ட நூல்கள் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. அவற்றிலும் துண்டுகளே எஞ்சியுள்ளன.

இழந்தது இழந்ததுதான் என்று முழுவதும் சொல்லிவிடவும் முடியாது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் ஒரு மாளிகையின் நூலகம் கருகிப் புதைந்தது. 1750களில் தோண்டி எடுக்கப்பட்ட அந்தச் சுருள்கள் அடுப்புக்கரித் துண்டுகளைப் போல இருந்தன, விரித்தால் நொறுங்கின. அவற்றுள் பெரும்பாலானவை அணுக்கொள்கையை ஏற்ற எபிகூரஸின் பள்ளியைச் சேர்ந்த பிலோடெமஸ் எழுதியவை. 2023இல், சுருளை விரிக்காமலே ஊடுகதிர்ப் படம் எடுத்து, கணினிக்கு மையின் சாயலை அடையாளம் காணப் பழக்கி, ஒரு முழுச் சொல்லைப் படித்தார்கள். அது ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அடுத்த ஆண்டுத் தொடக்கத்துக்குள் அதே சுருளிலிருந்து 15 பத்திகள் அளவுக்கு எழுத்துகள் கிடைத்தன.

ஏதென்ஸில் தடை வந்தபின் என்ன ஆயிற்று? அரபு உலகம் அதைப் பாதுகாத்துக் கொடுத்தது என்பது சரியா?

தடைக்குப் பிறகு டமாசியஸ், சிம்ப்ளிசியஸ் உள்ளிட்ட ஏழு அறிஞர்கள் பாரசீக மன்னர் குஸ்ரூவின் அவைக்குப் போனார்கள். அங்கும் மனம் ஒட்டவில்லை. 532இல் பாரசீகத்துக்கும் ரோமுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில், அவர்கள் அச்சமின்றி ஊர் திரும்பலாம் என்று ஒரு விதியை மன்னர் சேர்க்கச் செய்தார்.

சிரியாவின் கிறித்தவ மடங்களில் அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்கள் ஏற்கெனவே சிரியாக் மொழியில் படிக்கப்பட்டு வந்தன. 8ஆம் நூற்றாண்டிலிருந்து பாக்தாதில் மொழிபெயர்ப்பு வேலை பெரிய அளவில் நடந்தது. அதில் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறித்தவ மருத்துவர், 873இல் இறந்தவர். ஒரு நூலுக்குக் கிடைக்கும் கிரேக்கப் படிகளையெல்லாம் திரட்டி, ஒப்பிட்டு, பாடத்தைத் திருத்திய பின்பே அவர் மொழிபெயர்க்கத் தொடங்குவார். ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்களின் பாடு தெரிந்த தமிழ் வாசகருக்கு இந்த உழைப்பின் அருமை புரியும். நிரூபணம் பற்றிக் கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிய ஒரு நூலைத் தேடி மெசபொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை அலைந்ததாகவும், டமாஸ்கஸில் அதன் பாதி அளவே கிடைத்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். அந்த நூல் இன்று நம்மிடம் முழுதாக இல்லை.

'பாதுகாத்துக் கொடுத்தார்கள்' என்ற சொல் எனக்கு உடன்பாடானதன்று. அவர்கள் பெட்டகக் காவலர்கள் அல்லர். மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு சீனா தம் இளமையில் அரிஸ்டாட்டிலின் 'மெட்டாபிசிக்ஸ்' நூலை 40 முறை படித்து, மனப்பாடமாகியும் பொருள் விளங்காமல் கைவிட்டிருந்தார். புகாரா கடைத்தெருவில் ஒரு தரகர் வற்புறுத்தியதால் மூன்று திர்ஹம் கொடுத்து வாங்கிய, மெய்யியலாளர் அல் ஃபாராபியின் சிறு நூல் அதை விளக்கிவிட்டது. மறுநாள் மகிழ்ச்சியில் ஏழைகளுக்குத் தானம் செய்தேன் என்று தம் வரலாற்றில் சொல்கிறார். அவ்வாறு கற்றவர் அரிஸ்டாட்டிலிடம் தெளிவாக இல்லாத ஒரு வேறுபாட்டை வகுத்தார்: ஒரு பொருள் என்ன என்பது வேறு, அது இருக்கிறது என்பது வேறு. பின்வந்த ஐரோப்பிய இறையியல் இந்த வேறுபாட்டின்மேல்தான் பெரிதும் நிற்கிறது.

தவறுகளும் பயன் தந்தன. 'அரிஸ்டாட்டிலின் இறையியல்' என்ற பெயரில் அரபியில் புகழ்பெற்ற நூல் உண்மையில் பிளேட்டோவின் வழிவந்த புளோட்டினஸ் எழுதியவற்றின் தழுவல். எல்லாம் ஒன்றிலிருந்து வழிந்து வருகின்றன என்ற புளோட்டினஸின் கருத்தை அரிஸ்டாட்டில் சொன்னதாகவே பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின்மேல் பெரும் தத்துவங்களையும் கட்டினார்கள்.

மேற்கு ஐரோப்பாவில் அப்போது என்ன இருந்தது?

மிகக் கொஞ்சம். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் இருவரையும் முழுதாக லத்தீனில் கொண்டுவரத் திட்டமிட்ட ரோமானிய அறிஞர் போயித்தியஸ் தருக்க நூல்களோடு நின்றார். 524 வாக்கில் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். இதனால் பல நூற்றாண்டுகள் லத்தீன் வாசகருக்கு அரிஸ்டாட்டில் வெறும் தருக்கவாதி. பிளேட்டோ என்றால் 'திமேயஸ்' உரையாடலின் முற்பாதி. 12ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் அரபியிலிருந்தும், 13ஆம் நூற்றாண்டில் மூர்பெக்கின் வில்லியம் போன்றோர் வழியாக நேரே கிரேக்கத்திலிருந்தும் அரிஸ்டாட்டில் வெள்ளமாக வந்தார். 1210இல் பாரிசில் அவருடைய இயற்கை நூல்களைக் கற்பிக்கத் தடை. 1255இல் அதே பாரிசின் கலைப் பிரிவில் அவை கட்டாயப் பாடம். 1277இல் பாரிசின் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்தார், அவற்றுள் பல அரிஸ்டாட்டிலின் சாயல் கொண்டவை. இந்த இழுபறிக்கு நடுவில் எழுதிய கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸுக்கு 'மெய்யியலாளர்' என்றாலே அரிஸ்டாட்டில். 'உரையாசிரியர்' என்றாலே கார்டோபாவின் இப்னு ருஷ்த்.

நவீன அறிவியல் கிரேக்கர்களை மறுத்துத்தானே பிறந்தது?

ஒரு கிரேக்கரை மறுக்க இன்னொரு கிரேக்கரைத் துணைக்கு அழைத்துப் பிறந்தது என்பது பொருத்தமாக இருக்கும். சூரியனை மையமாக வைத்த சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டினர். பூமி அசைகிறது என்று முன்பே சொன்ன கிரேக்கர்களைக் கோப்பர்னிக்கஸ் 1543இல் தம் முன்னுரையில் சான்றாகக் காட்டுகிறார். கனமான பொருள் விரைவாக விழும் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை, கலிலியோவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸ் மறுத்துவிட்டார்: எடையில் பெரிதும் வேறுபட்ட இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள், விழும் நேரத்தில் வேறுபாடு மிகச் சிறிதே என்று எழுதினார்.

அணுக்கொள்கை திரும்பியதும் ஒரு படியின் கதைதான். எபிகூரஸின் கொள்கையைக் கவிதையாக்கிய லுக்ரீசியஸின் லத்தீன் நூலை 1417இல் போஜியோ பிராசியோலினி ஒரு மடத்தின் நூலகத்தில் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் கசாந்தி, கடவுள் படைத்த அணுக்கள் என்று திருத்தி எபிகூரஸை ஏற்கத்தக்கவராக்கினார். டெமாக்ரிட்டஸுக்கும் எபிகூரஸுக்கும் உள்ள வேறுபாடு 1841இல் ஓர் இளைஞரின் முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாயிற்று. அந்த இளைஞர் கார்ல் மார்க்ஸ்.

ஸ்டோயிக் மெய்யியல் இப்போது பரவலாகப் பேசப்படுகிறதே?

ஆம். நிகழ்வுகள் நம்மைக் கலக்குவதில்லை, அவற்றைப் பற்றி நாம் செய்துகொள்ளும் தீர்ப்புகளே கலக்குகின்றன என்றார் எபிக்டெட்டஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் அவர். இதே கருத்தை 1950களில் ஆல்பர்ட் எல்லிஸ் தம் உளச்சிகிச்சைக்கு அடிப்படையாகக் கொண்டார். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக்கும் ஸ்டோயிக்குகளைத் தம் முன்னோடிகளாகக் குறிப்பிட்டார். ஆனால் இன்று கைப்பேசித் திரைகளில் உலவும் ஸ்டோயிக் வாசகங்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. உலகம் முழுவதும் ஒரு அறிவார்ந்த நெருப்பால் நடத்தப்படுகிறது, ஆகவே நடப்பதெல்லாம் நன்மைக்கே என்ற நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. அதை நீக்கிவிட்டால் மிஞ்சும் பொறுமைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.

கிரேக்க மெய்யியலின் செல்வாக்கு தீங்கும் செய்திருக்கிறதா?

செய்திருக்கிறது. சிலர் இயல்பாகவே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் முதல் பகுதியில் வாதிடுகிறார். 1550இல் ஸ்பெயினின் வயாதோலிது நகரில், அமெரிக்கப் பழங்குடிகளைப் போரால் அடக்குவது நியாயமா என்ற விவாதம் அரசரின் ஆணையால் நடந்தது. அரிஸ்டாட்டிலை மொழிபெயர்த்த அறிஞரான செபுல்வேதா அந்த வாதத்தைப் பழங்குடிகளுக்குப் பொருத்தினார்; எதிர்த்து வாதிட்ட லாஸ் காசாஸ் பாதிரியார் அவர்கள் அந்த வகையில் சேர மாட்டார்கள் என்றார். அதே கிரேக்கத்தில் எபிகூரஸின் தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் மாணவர்களாக அமர்ந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் வயாதோலிதுவில் மேசைமேல் இருந்தது எபிகூரஸ் அல்லர்.

இந்தியாவோடு தொடர்பு இருந்ததா?

இருந்தது, எவ்வளவு என்பதில்தான் மிகைப்படுத்தல்கள். ஐயவாதத்தின் தந்தை எனப்படும் பைர்ரோ அலெக்சாந்தரின் படையோடு இந்தியா வந்து ஆடையற்ற துறவிகளைச் சந்தித்தார் என்று மெய்யியலாளர்களின் வரலாற்றை எழுதிய டயோஜனீஸ் லேயர்டியஸ் கூறுகிறார். காந்தகாரில் 1958இல் கிடைத்த அசோகரின் கல்வெட்டு ஒன்று கிரேக்கத்திலும் அரமேயத்திலும் உள்ளது. அதில் தம்மம் என்பதற்கு இறைப்பற்றைக் குறிக்கும் 'யூசெபேயா' என்ற சொல் ஆளப்பட்டிருக்கிறது. ஆப்கானிஸ்தானின் வடக்கில் ஐ கானும் என்ற கிரேக்க நகரத்தைத் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், அரண்மனைக் கருவூலத்தில் ஒரு மெய்யியல் உரையாடலைக் கண்டார்கள். பப்பிரசுத் தாள் மக்கிப்போயிருந்தது. எழுத்துகளின் மை மட்டும் மண்ணில் பதிந்து நின்றது. வடிவங்களில் பொருள்கள் பங்கு பெறுவது பற்றி, பிளேட்டோ எழுப்பிய அதே சிக்கலைப் பற்றி அதில் இருவர் பேசிக்கொள்கிறார்கள். மற்றபடி கிரேக்க அணுவும், வைசேடிகம் என்ற இந்தியத் தத்துவப் பள்ளியின் அணுவும் ஒத்திருப்பதை வைத்து ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று சொல்லச் சான்று இல்லை.

நம் அன்றாடப் பேச்சில் இதன் தடம் உண்டா?

கடையில் 'குவாலிட்டி நல்லா இருக்கா' என்று கேட்கும்போது உண்டு. ஒரு பொருளின் 'எத்தன்மைத்து' என்பதைக் குறிக்கப் பிளேட்டோ 'பொயோதேஸ்' என்ற சொல்லைத் 'தியேத்தேத்தஸ்' உரையாடலில் உருவாக்கி, இது விநோதமாகத் தோன்றலாம் என்றும் சாக்ரடீஸின் வாயால் சொல்லவைக்கிறார். அதை லத்தீனில் பெயர்க்கச் சிசரோ 'குவாலிடாஸ்' என்ற புதுச்சொல்லை ஆக்கினார். அது ஆங்கிலம் வழியாக நம் துணிக்கடைக்கு வந்தது. சாகித்திய அகாதெமியின் பெயரிலுள்ள 'அகாதெமி', பிளேட்டோ கற்பித்த, ஏதென்ஸுக்கு வெளியே இருந்த தோப்பின் பெயர்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

சாக்ரடீஸின் வழக்குரையான 'அப்பாலஜி'யிலிருந்து தொடங்குங்கள். ஒரு மாலையில் முடித்துவிடலாம். அடுத்து 'லேக்கீஸ்', பிறகு எபிக்டெட்டஸின் கையேடு. 'மெட்டாபிசிக்ஸ்' நூலை முதலில் கையில் எடுக்க வேண்டாம். இப்னு சீனாவுக்கே 40 முறை போதவில்லை. பிளேட்டோவின் எந்த மொழிபெயர்ப்பானாலும் ஓரத்தில் 36ஏ, 181பி என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். 1578இல் ஹென்றி எஸ்தியேன் ஜெனீவாவில் வெளியிட்ட பதிப்பின் பக்க எண்கள் அவை. உலகெங்கும் பிளேட்டோவை அந்த எண்களைக் கொண்டே மேற்கோள் காட்டுகிறார்கள். மேலே சொன்ன 30 வாக்குகள் 'அப்பாலஜி' 36ஏ பகுதியில் இருக்கின்றன.